சத்தம் கேட்டால்

அரையிறுதியில் செழியனின் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்போது எதிர் அணியின் ஆள் எவனோ மைதான ஓரத்தில் ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட்டான். குண்டு வெடித்தது. செழியனின் ஆட்கள் ஓடிப்போனார்கள்.

மைதானத்தைவிட்டே ஓடிப்போனார்கள். ஸ்டாப்பர் செல்லச்சாமி, இரண்டு பக்கத்துப் பேக்குகள், நடுவில் ஆடியவர்கள், கோல்கீப்பர் இசக்கிப்பாண்டி என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு, ஆளுக்கொரு திசையாக, சுற்றியிருந்த சீமைக்கருவேலங் காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். பந்து எதிர் அணியான காரியாபட்டித் தீப்பெட்டிக் கம்பெனியின் ஃபார்வர்ட் காலடியில் கிடந்தது. இது ஏதோ புதுவிதமான ஏமாற்று வேலை என்று நினைத்து அவன் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு பந்தை உருட்டிக்கொண்டே நடந்துபோய்க் காலியான கோலுக்குள் தள்ளிவிட்டான். ரெஃப்ரி ஊதினார். கோல்தான். கோலுக்குள் ஆள் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"ஏலே! எங்கலே ஓடுதீக? திரும்பி வாங்கலே!" கோட்டோரம் நின்று செழியன் கத்தினான்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். யார் முகத்திலும் வெட்கம் இல்லை. ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி அவரவர் இடத்தில் நின்றார்கள்.

ஹாஃப் டைமில் செழியன் அவர்களை உட்காரவைத்துக் கேட்டான். "பட்டாசுக் கம்பெனி டீமுடா நீங்க. விடிஞ்சு எந்திரிச்சா வெடி செய்யிற பயலுக. ஒரு அணுகுண்டுக்கா ஓடுவீக?"

"செய்யத்தான கோச்சு செய்வோம்," என்றான் இசக்கிப்பாண்டி. "வெடிக்கிறது ஊரு உலகம். நாங்களா வெடிக்கோம்?"

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல. காலு தானாப் போயிருது."

செல்லச்சாமி தண்ணீர்ப் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான். அணியில் மூத்தவன் அவன்தான். முப்பத்திரண்டு வயது. பெட்டிக்கடை மாதிரி அகலமான உடம்பு. "வேலைக்குச் சேந்த மொத நாளு போர்மேன் சொல்லுறது இதுதான் கோச்சு. மருந்து அள்ளுறது, திரி சொருகுறதெல்லாம் பெறகு. சத்தம் கேட்டா ஓடு. திரும்பிப் பாக்காத. பக்கத்துல நிக்கிறது பொண்டாட்டியானாலும் பாக்காத."

"பாத்தா?"

"பாத்தவன் யாரும் இங்கன இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். செழியனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவகாசிப் பக்கத்தில் சத்தம் என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. 'நேத்து வெம்பக்கோட்டப் பக்கம் சத்தமாம்' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், என்ன சத்தம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். செழியனுக்கும் இது தெரியும். காதில் தெரியும். கால் வரைக்கும் இறங்கவில்லை. அவன் பன்னிரண்டு வயதிலேயே ஊரைவிட்டுப் போனவன்.

பிறந்தது நாரணாபுரம். அம்மா பஞ்சம்மாள் கம்பெனியில் திரி வெட்டிய கை. பிள்ளை நன்றாகப் பந்து உதைக்கிறான் என்று பள்ளிக்கூட வாத்தியார் போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவனைத் திருநெல்வேலியில் ஒரு விளையாட்டு விடுதியில் கொண்டுபோய்த் தள்ளினாள். அவன் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அவன் பந்து உதைத்தாலும் சரி, பாத்திரம் கழுவினாலும் சரி. அங்கிருந்து சென்னையில் இரண்டாம் டிவிஷன். கோயம்புத்தூரில் ஒரு மில் அணி, மில்லை இழுத்து மூடும்வரை. பெங்களூரில் ஒரு தொழிற்சாலை அணி. கொல்கத்தாவில் ஒரு மழைக்காலமும் மஞ்சள்காமாலையும். கோவாவில் ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சு. அப்புறம் மலப்புறத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் பிடிப்பார்கள். திங்கட்கிழமை எந்த அணிக்காகக் கோல் போட்டானோ அதே அணிக்கு எதிராக வியாழக்கிழமை போட்டிருக்கிறான். இரண்டு நாளும் ஒரே ஆட்கள் கை தட்டியிருக்கிறார்கள்.

எந்த ஊரிலும் அவனுக்கு ஒரே வேலைதான். எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்று, பந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அடிக்க வேண்டும். வராத நாட்கள்தான் அதிகம். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. மோசமும் இல்லை. சீசன் முடிந்தால் எந்த அணியும் அவனை விரட்டவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவனுடைய ஒரு கோலைப் பார்த்தவன் அடுத்த கோலைப் பார்த்ததில்லை. கல்யாணம் என்று ஒன்று பேச்சு வந்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்ற கேள்வியில் நின்றுபோனது. அம்மா செத்தபோது அவன் கோவாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாற்பது தாண்டி முழங்கால் கைவிட்டதும், பயிற்சியாளருக்கான பரீட்சை ஒன்றை எழுதித் தேறி, ஊருக்கே வந்தான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்துக்கு மேலே அறை பிடித்தான். காலையிலிருந்து மிஷின் ஓடும். தரை நடுங்கிக்கொண்டே இருக்கும். நாரணாபுரத்துக்காரர்கள் அவனுக்கு 'வாடகைக் காலு' என்று எப்போதோ பெயர் வைத்திருந்தார்கள். அவன் காதுபடவே சொன்னார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவன் விட்டுவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி மேனேஜர் காசிராஜன் அவனைக் கூப்பிட்டார். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகக் கம்பெனிகளுக்குள் ஒரு கோப்பை நடக்கிறது, முதலாளிக்கு அதில் ஆசை வந்துவிட்டது என்றார். அரையிறுதியைக் கடைசி நிமிடத்தில் ஒரு கார்னரில் எப்படியோ ஜெயித்துவிட்டு வந்த சாயங்காலம், அவரே செழியனின் அறைக்கு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"முதலாளி சந்தோசமா இருக்காரு தம்பி. கப்ப வாங்கிட்டியன்னா உன்னைய நிரந்தரமாப் போட்டுருவாரு. கெஸ்ட் ஹவுஸ் பக்கத்துல அந்தச் சின்ன வீடு இருக்குல்ல, அதுல இருந்துக்கிடலாம். கம்பெனி ஆளு. வருசம் பூரா."

"தோத்தா?"

"தோத்தா டீமக் கலைச்சிருவோம்னு சொல்லுதாரு. அவரு குணந்தான் தெரியுமே."

வருசம் பூரா. அந்தச் சொல் செழியனுக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. சீசன் இல்லாத ஒரு வேலை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பரண்மேல் ஏற்றிவைக்கலாம். ஒரு செடி வைக்கலாம்.

"அண்ணாச்சி, ஃபைனல்லயும் வெடி போடுவானுக. இப்ப ஜில்லா பூராத் தெரிஞ்சு போச்சு. ஃபைனல்ல எதுக்க வர்ற அச்சகக்காரனுக சும்மா விடமாட்டானுக. கமிட்டில சொல்லி நிப்பாட்டணும்."

காசிராஜன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டாசுக் கம்பெனி டீமு, எங்களுக்குப் பயமா இருக்கு, வெடி போடாதீகன்னு கேக்கவா? ஊரு சிரிக்கும்லே. கோப்பையக் குடுக்கிறதே பட்டாசுக்காரங்கதான். நீ கோச்சுதான? உன் ஆளுகளச் சரிபண்ணு."

செழியன் சரிபண்ணினான்.

ஒதுக்கித் தள்ளிய சரக்கு கம்பெனியில் சாக்குக் கணக்கில் கிடந்தது. காசிராஜன் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாள் பயிற்சியின் நடுவில் செழியன் ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டான். மொத்த அணியும் கருவேலங் காட்டுக்குள் போய்விட்டது. திரும்ப வந்ததும் இன்னொன்று போட்டான். மறுபடியும் போய்விட்டது. அன்றைக்குப் பந்தைவிடக் காட்டில்தான் அதிக நேரம் இருந்தார்கள். "கோச்சு, கோல்போஸ்ட்ட அங்கன நட்டுருங்க, லேசா முடிஞ்சிரும்," என்றான் இசக்கிப்பாண்டி.

செழியன் விடவில்லை. வெடித்ததும் பந்து யார் காலில் இருக்கிறது என்று சொல்பவனுக்கு அன்றைக்கு ஓட்டப்பயிற்சி கிடையாது என்றான். அது வேலை செய்தது. ஓடத் தொடங்கியவர்கள் பத்தடியில் நின்று திரும்பினார்கள். பிறகு ஐந்தடியில். பிறகு தோளை மட்டும் குலுக்கினார்கள். சத்தம் கேட்டால் பந்தைத் தேடு. அதை அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். காதில் சொல்லி முடியாததைக் காலுக்குச் சொல்வது எப்படி என்று அவனுக்குத் தெரியும். இருபது வருசம் அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எல்லாரையும்விடச் சீக்கிரம் பழகியவன் செல்லச்சாமி. இரண்டாம் வாரம் ஒரு சரத்தைக் கொளுத்தி அவன் காலுக்குப் பின்னால் போட்டார்கள். அது படபடவென்று வெடித்து முடியும்வரை அவன் அசையாமல் நின்று, பந்தை நெஞ்சில் வாங்கி, இடதுபக்கம் பாஸ் கொடுத்தான். எல்லாரும் கத்திக்கொண்டு அவன்மேல் விழுந்தார்கள். அன்று சாயங்காலம் அணி முழுக்கச் செழியனை விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொரித்த பரோட்டா வாங்கிக்கொடுத்தது. பெஞ்சில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லச்சாமி தன் இலையிலிருந்து ஒரு பரோட்டாவை எடுத்துச் செழியன் இலையில் கேட்காமலே போட்டான். இருபது வருசத்தில் எத்தனையோ மெஸ், எத்தனையோ பெஞ்சு. யாரும் அப்படிப் போட்டதில்லை. செழியன் அதைச் சாப்பிட்டு முடித்தான்.

இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இசக்கிப்பாண்டி படியேறி வந்து கதவைத் தட்டினான். சட்டையெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து.

"செல்லச்சாமி அண்ணனுக்குக் கையில பட்டுருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா உங்களப் பாக்கணும்னுச்சு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் காசிராஜன் நின்றுகொண்டிருந்தார். செழியனைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "சுடுதண்ணி. யாரு கேட்டாலும் வீட்டுல சுடுதண்ணி கொட்டிருச்சு. சீசன் ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. சின்ன விசயம்."

செல்லச்சாமி கட்டிலில் சாய்ந்திருந்தான். இடது கை விரலிலிருந்து முழங்கைவரை கட்டு. காதிலும் கன்னத்திலும் களிம்பு. தலைமாட்டில் அவன் மனைவி வேல்விழி நின்றாள். அவளும் அதே கம்பெனியில் வேறொரு அறையில் வேலை பார்ப்பவள். கம்பெனியிலிருந்து அப்படியே வந்திருந்தாள்.

"வாங்க கோச்சு! ஒண்ணுமில்ல, தோலுதான்." செல்லச்சாமியின் முகம் மலர்ந்திருந்தது.

"எப்பிடிலே ஆச்சு?"

"ரெண்டு ரூம் தள்ளிச் சின்னதா ஒரு சத்தம். எல்லாப் பயலும் செதறி ஓடுதான். நான் நின்னேன் கோச்சு! அசையல. சரம் போட்டீகள்ல, அன்னைக்கு மாதிரி. பந்து எங்கன்னு பாத்தேன்." அவன் சிரித்தான். "அப்புறந்தான் நெனப்பு வந்துச்சு, இங்கன ஏதுலே பந்துன்னு. அதுக்குள்ள பக்கத்துல மருந்துத் தட்டு தீப்புடிச்சிருச்சு. இருந்தாலும் நின்னேன்ல?"

 வேல்விழி செழியனைப் பார்த்தாள். அவள் கண் இமைக்கவில்லை. அவன் கட்டுப் போட்ட கையைத் தொடப்போய்த் தொடாமல் விட்டுவிட்டு வெளியே வந்தான்.

இசக்கிப்பாண்டி பைக்கில் சாய்ந்து நின்றான். அவனாகவே ஆரம்பித்தான். "நானும் திரும்பிப் பாத்தேன் கோச்சு. ஓடத்தான் செஞ்சேன். ஆனா மொதல்ல திரும்பிட்டேன். பாத்தா அண்ணன் நிக்கி. நம்மளும் நிக்கணுமோன்னு ஒரு யோசன ஓடுச்சு. இதுக்கு முன்னால யோசனையே வந்ததில்ல."

செழியன் அறைக்கு நடந்தே போனான். வெயில் தலையைப் பிளந்தது. தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது வழியிலேயே முழுசாகப் புரிந்துவிட்டது. அதில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஆட்கள் உயிரோடு இருக்கக் காரணமான ஒரே ஒரு பழக்கத்தை அவன் பிடுங்கியிருக்கிறான். அதுவும் நன்றாகப் பிடுங்கியிருக்கிறான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு நன்றாகச் செய்த வேலை வேறு இல்லை.

மறுநாள் பயிற்சியில் அவன் விதியை மாற்றினான். "சத்தம் கேட்டா ஓடணும். பந்த விட்டுரு. கோலு விளுந்தா விளட்டும். மைதானத்துக்கு வெளிய போ."

யாரும் அவனை ஒழுங்காகக் கவனிக்கவில்லை. கிண்டல் என்று நினைத்தார்கள்.

"இது என்ன கூத்து கோச்சு? நின்னு பளகுன்னீக, பளகியாச்சு. இப்ப ஓடுன்னா?"

"செல்லச்சாமிக்கு ஆனத மறந்துட்டீகளா?"

"அது கம்பெனி. இது கிரவுண்டு," என்றான் ஒருவன். "ரெண்டும் ஒண்ணா?"

"உனக்கு ரெண்டு. உன் காலுக்கு ஒண்ணுதாம்லே."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செழியன் வெடி போட்டான். யாரும் ஓடவில்லை. அவன் கை சட்டைப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். இன்னும் இரண்டு போட்டான். இரண்டு பேர் மரியாதைக்குக் கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றார்கள். பயிற்சி முடிந்து போகும்போது இசக்கிப்பாண்டி மட்டும், "கப்பு வந்தா ஆளுக்கொரு போனஸ்னு முதலாளி சொல்லிருக்காரு கோச்சு. கெடுத்துராதீக," என்றான்.

இறுதிப் போட்டி பங்குனிப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விருதுநகரில் ஒரு கல்லூரி மைதானத்தில். பந்தலில் முதலாளி, பக்கத்தில் காசிராஜன். அச்சகக்காரர்கள் தகரம், மேளம் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சாக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அதில் இருந்தது எல்லாம் நம் கம்பெனிச் சரக்குதான் என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

தொடங்குவதற்கு முன் செழியன் ஆட்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "சத்தம் கேட்டும் நிக்கிறவன வெளிய எடுத்துருவேன்."

நம்பவில்லை.

முதல் வெடி விழுந்தபோது செழியனின் அணி ஒரு கோல் முன்னால். பதினொரு பேரும் கலையாமல் நின்று ஆடினார்கள். கூட்டம் அசந்துபோய்க் கை தட்டியது. பந்தலில் முதலாளி எழுந்து நின்று தட்டினார். செழியன் மாற்று ஆள் ஒருவனை எழுப்பி, செல்லச்சாமி இடத்தில் ஆடிய ஸ்டாப்பரை வெளியே வரச் சொன்னான்.

"நான் என்ன கோச்சு தப்பு செஞ்சேன்?"

"நின்ன."

இரண்டாவது வெடிக்கும் பெரும்பாலானவர்கள் நின்றார்கள். அவன் இன்னொருவனை வெளியே எடுத்தான். நல்ல ஆட்டக்காரன் அவன். வெளியே வந்தவன் சட்டையைக் கழற்றிச் செழியன் காலடியில் எறிந்துவிட்டுப் போனான். பந்தலிலிருந்து காசிராஜன் கையை ஆட்டி என்னவோ கத்தினார். செழியன் திரும்பவில்லை.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு மூன்றாவது வெடி. இந்த முறை செழியனே கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்து, தொண்டை கிழியக் கத்தினான். "ஓடுங்கலே! திரும்பாத! ஓடு!" அந்தக் குரலில் என்ன இருந்ததோ, நாலைந்து பேர் ஓடினார்கள். அவர்கள் ஓடியதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். பழைய கால் இன்னும் முழுக்கச் செத்துவிடவில்லை. அச்சகக்காரன் கோல் போட்டான். ரெஃப்ரி செழியனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அப்புறம் அச்சகக்காரர்களுக்கு வேலை லேசாகிவிட்டது. சாக்கில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். கடைசி வெடிக்கு இசக்கிப்பாண்டி கோலை விட்டுவிட்டு, கையுறையோடு, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பாமல் கல்லூரிச் சுவர்வரைக்கும் ஓடினான். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. செழியன் அவன் சுவரைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள்.

"எம்புட்டுலே வாங்குன?" காசிராஜன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகிய ஊரே சுற்றி நின்று பார்த்தது. "வாடகைக் காலு வாடகைக் காலுன்னு சொன்னாகளே, கேட்டனா? வித்துட்டியேலே!"

"செல்லச்சாமி அன்னைக்குக் கம்பெனியில..."

காசிராஜனின் பிடி சட்டென்று தளர்ந்தது. கண் ஒரு சுற்று சுற்றி யார் யார் கேட்கிறார்கள் என்று பார்த்தது. "அது சுடுதண்ணி," என்றார். பிறகு உரக்க, எல்லாருக்கும் கேட்கும்படி, "போயிரு. இனிமே கம்பெனிப் பக்கம் உன்னையப் பாக்கக் கூடாது."

சொல்லியிருக்கலாம். சொன்னால் கம்பெனியைச் சீல் வைப்பார்கள். ஐந்நூறு குடும்பம் அவனைத் தேடி வரும். செழியன் வாயை மூடிக்கொண்டான். ஆட்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் வேன் பக்கம் போனான். யாரும் இடம் விடவில்லை. இசக்கிப்பாண்டி கையுறையைக் கழற்றிக்கொண்டே சன்னல் வழியாகச் சொன்னான். "ஊரு பூரா என்னையக் காட்டிச் சிரிக்கான் கோச்சு. நாளைக்கு எப்பிடி வேலைக்குப் போவேன்?" வேன் கிளம்பியது. செழியன் டவுன் பஸ்ஸில் வந்தான்.

இனிமேல் கம்பெனிக்குள் சத்தம் கேட்டால் அவர்கள் திரும்பாமல் ஓடுவார்களா? அவனுக்குத் தெரியாது. கோல் என்றால் வலை ஆடும், தெரிந்துவிடும். இது அப்படி இல்லை.

மலப்புறத்தில் கூட ஆடிய ஒருவனுக்குப் போன் செய்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று நடத்துகிறான். வா, வந்துவிடு, மழைக்கு முன்னால் வந்துவிடு என்றான். செழியன் பெட்டியைக் கட்டினான். அதிக நேரம் ஆகவில்லை. போவதற்கு முன் செல்லச்சாமியை ஒரு தடவை பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று நாரணாபுரத்துக்குப் போனான்.

செல்லச்சாமி வீட்டு முன்னறையில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தான். செழியனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்ன கோச்சு இப்பிடிப் பண்ணிட்டீக? நான் மட்டும் இருந்திருந்தா நின்னுருப்பேன். நீங்க என்ன கத்தினாலும் நின்னுருப்பேன்."

"அதுக்குத்தாம்லே வந்தேன். உன் கை வெந்ததுக்கு நாந்தான் காரணம். நான் பளக்குன பளக்கம் அது."

"சும்மா இருங்க. அது உராய்வு. மருந்து சூடு. அதுக்கும் உங்களுக்கும் என்ன? நீங்க இல்லன்னா நான் பயந்த பயலாவே இருந்திருப்பேன்."

செழியன் வாயைத் திறந்தான். அதற்குள், அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில், செல்லச்சாமியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற வேல்விழி, இடுப்பிலிருந்த சில்வர் குடத்தைக் கைவிட்டாள். வெறுங்குடம். சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் தெருநாய் ஒன்று குரைக்க ஆரம்பித்தது. செழியனுக்கே உடம்பு தூக்கிப்போட்டது.

செல்லச்சாமி அசையவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக் குடம் எங்கே உருள்கிறது என்று பார்த்தான். "என்னடி, கைல வலு இல்லையா?"

"பாத்தீகளாண்ணே," என்றாள் வேல்விழி. குரல் தண்ணீர் மாதிரி இருந்தது. "பத்து வருசமா இந்த வீட்டுல ஒரு தட்டு விளுந்தா இந்த மனுசன் தெருவுல நிப்பாரு. சோத்துக் கையோட. என் பிள்ளைக சிரிக்கும், நானும் சிரிப்பேன். இப்பப் பாருங்க."

 செல்லச்சாமி குடத்தையும் அவளையும் பார்த்தான். பிறகு அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கட்டுப் பிரிச்சதும் வேலைக்குக் கூப்புடுவாக. போகாம முடியாது. வெளியூருக்குப் போறீகளாமே, பொட்டியெல்லாம் கட்டியாச்சுன்னு இசக்கி சொல்லுச்சு." அவள் குனிந்து குடத்தை எடுத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "நீங்கதான பளக்குனீக? மாத்தி வச்சுட்டு எங்கன வேணும்னாலும் போங்க."

செழியன் மலப்புறத்துக்காரனிடம் கொஞ்ச நாள் ஆகும் என்றான். எவ்வளவு நாள் என்று கேட்டதற்குத் தெரியாது என்றான். மலப்புறத்துக்காரன் வேறு ஆள் பார்த்துக்கொண்டான்.

அச்சகத்தில் காலண்டர் கட்டும் வேலை இருந்தது. பகலில் அதைச் செய்தான். சாயங்காலம் நாரணாபுரம் போனான். கலைக்கப்பட்ட அணியின் மைதானத்தில் யாரும் இல்லை. கோல் கம்பத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். வெயில் இறங்கிய பிறகு செல்லச்சாமி வந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்காருவான். செழியன் பின்னால் ஒரு தகரத்தையும் இரும்புக் கம்பியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வெடி ஆகாது. காசிராஜன் தரமாட்டார் என்பதல்ல, திரி சீறும் ஓசையிலேயே செல்லச்சாமிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாமல் அடிக்க வேண்டும். அவன் மறக்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் செழியனுக்கு அனுபவம் உண்டு.

ரோட்டில் லோடு வேன்கள் போய்வந்தன. பழைய அணிக்காரர்கள் சிலர் அதில் இருப்பார்கள். ஒருவன்கூடக் கை காட்டுவதில்லை.

"எப்பவோ அடிப்பீகன்னு தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், பெறகு எப்பிடிக் கோச்சு மறக்க?" என்றான் செல்லச்சாமி, முன்னால் பார்த்தபடியே.

"வேற எதையாச்சும் பேசு."

"என்னத்தப் பேச?"  பிறகு மகள் இந்த வருசம் நான்காம் வகுப்புப் போகிறாள், கணக்கு வரமாட்டேன் என்கிறது, டியூசன் வைக்கலாமா என்று வேல்விழி கேட்கிறாள் என்று ஆரம்பித்தான். டியூசன் வாத்தியார் யார் என்று சொன்னான். அந்த வாத்தியாரின் தம்பி தன்னோடு படித்தவன் என்றான். அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, அது என்னவென்றால் என்று சிரிக்கத் தொடங்கினான்.

செழியன் அடித்தான்.

செல்லச்சாமியின் தோள் தூக்கிப்போட்டது. கழுத்து பாதி திரும்பியது. அப்புறம்தான் எழுந்தான். கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழெட்டு அடி ஓடி, மைதானத்தின் நடுவில் நின்றான்.

"மொதல்ல திரும்பிட்டேன்ல?"

"திரும்பிட்ட. வா, உக்காரு."